ஊர்க் குழுக்களில் அறிவிப்பைப் படமாக மட்டும் போடலாமா?

அரவேனு ஆசிரியை (கோத்தகிரி வட்டம்)
2025 ஜூலை 16, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். நான் பிறவியிலேயே பார்வையற்றவள்; கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். கைப்பேசியில் டாக்பேக், கணினியில் என்விடிஏ என்று, திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் இரண்டு திரைவாசிப்பான்களின் துணையோடு, வங்கி வேலை முதல் வினாத்தாள் தயாரிப்பு வரை எல்லாவற்றையும் நானே செய்துகொள்கிறேன். ஆகவே கைப்பேசியைக் கையாளத் தெரியாதவளின் புலம்பலாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் நீலகிரி மாவட்டத்து ஊர்க் குழுக்கள் விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்கின்றன. எந்தெந்த வட்டங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை, எந்தச் சாலையில் மரம் சாய்ந்தது, எந்த ஊரில் எத்தனை மணி வரை மின்சாரம் இருக்காது என்பதெல்லாம் நாளிதழ் வருவதற்கு முன்பாக வாட்ஸ்அப்பில் வந்துவிடுகின்றன. ஆனால் வருபவற்றில் பெரும்பாலானவை படங்கள். ஒரு கடிதத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துப் போடுகிறார்கள். இல்லையென்றால் செய்தித் தொலைக்காட்சி வெளியிட்ட வண்ண அட்டையை அப்படியே ஃபார்வர்டு செய்கிறார்கள். அதன்மேல் விரலை வைத்தால் எனக்குக் கேட்பவை அனுப்பியவரின் பெயர், 'புகைப்படம்' என்னும் ஒரு சொல், வந்த நேரம், அவ்வளவுதான்.

அதன் பிறகு நான் செய்வது துப்பறியும் வேலை. படத்துக்குக் கீழே வரும் பதில்களை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். தாய்மார்கள் சலித்துக்கொண்டிருந்தால் விடுமுறை. அம்மாவின் கைப்பேசியிலிருந்து பிள்ளைகள் அழுமுகங்களை அனுப்பியிருந்தால் பள்ளி உண்டு. இந்த ஊகமும் பாதிதான் பயன்படும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் ஆறு வட்டங்களுக்கும் சேர்த்து எப்போதும் விடுமுறை வருவதில்லை. மழை மேற்கே கொட்டும்போது உதகை, குந்தா, கூடலூர், பந்தலூர் ஆகிய நான்குக்கும் விடுமுறை அறிவித்துவிட்டு, குன்னூரையும் கோத்தகிரியையும் விட்டுவிடும் நாள்கள் உண்டு. விடுமுறை என்பது பதில்களிலிருந்து தெரிந்தாலும், என் வட்டம் அதில் இருக்கிறதா இல்லையா என்பது படத்துக்குள்தான் இருக்கிறது.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகளையும் வைத்திருக்கிறேன். நேராகப் பிடித்த தெளிவான படமென்றால் அவை தமிழையும் நன்றாகவே வாசிக்கின்றன. மடித்த தாளைச் சாய்வாகப் பிடித்து, பல குழுக்களைச் சுற்றிவந்த படமென்றால் மடிப்பு விழுந்த வரி காணாமல் போய்விடுகிறது. வட்டத்தின் பெயரோ நேரமோ அந்த வரியில்தான் இருக்கும் என்பது என் தலையெழுத்து.

படமே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. படத்தை அனுப்பும்போதே அதன் கீழே குறிப்பு எழுதுவதற்கு இடம் இருக்கிறது. அதில் இரண்டு வரி தட்டச்சு செய்து போடுவதில் குழு நடத்துபவர்களுக்கு என்ன சிரமம்? குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.


ஜெகதளா பெரியவர் (குன்னூர் வட்டம்)
ஜூலை 16, இரவு 9.25

அம்மா, வணக்கம். எங்கள் ஊர்க் குழுவின் நிர்வாகிகளில் நானும் ஒருவன்; பணி ஓய்வு பெற்றவன் சும்மாதானே இருக்கிறான் என்று ஊரார் சேர்ந்து இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நீங்கள் நேராகக் கேட்டதால் நானும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

சிரமம் தட்டச்சில் மட்டும் இல்லை. எழுத்தாக வரும் செய்தியை எங்கள் குழுவில் யாரும் நம்புவதில்லை. முந்தைய மழைக்காலம் ஒன்றில், அதற்கு முதல் நாள் வந்த விடுமுறைச் செய்தியில் கிழமையை மட்டும் மாற்றி யாரோ ஒரு குறும்புக்காரப் பையன் அனுப்பிவிட, ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பள்ளியிலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகுதான், அலுவலகத்தின் பெயர் அச்சிட்ட தாள், கையொப்பம், முத்திரை மூன்றும் தெரியும் படம் இருந்தால் மட்டுமே அறிவிப்பாக ஏற்பது என்று விதி வைத்தோம். படத்தைத் திருத்துவதற்குக் கொஞ்சமாவது கைவேலை தெரிந்திருக்க வேண்டும். எழுத்தைத் திருத்துவதற்கு ஒரு விரல் போதும்.

அடுத்தது வயது. அறிவிப்பு என் கைக்குக் காலை ஐந்தே முக்காலுக்கு வருகிறது. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, அந்தச் சின்ன விசைப்பலகையில் 'வட்டாட்சியர்' என்று அடித்து முடிப்பதற்குள் பால் வண்டி வந்துவிடும். ஃபார்வர்டு செய்வது ஒரு நொடி வேலை. உங்கள் குறையை நான் மறுக்கவில்லை. எங்கள் பக்கத்து நிலைமை இது.


கூடலூர் ஓட்டுநர்
ஜூலை 16, இரவு 10.05

பெரியவர் மன்னிக்க வேண்டும். முத்திரை தெரிந்தால் நம்பலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முத்திரை தெரிகிறது என்பதனாலேயே பழைய படம் புதிய படமாக நம்பப்படுகிறது. விடுமுறை அட்டைகளையே பாருங்கள். 'நாளை' என்று சிவப்பில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். தேதியை மூலையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அல்லது யாராவது வெட்டி அனுப்பியதில் அதுவும் போயிருக்கும். அந்த 'நாளை' ஒவ்வொரு மழைக்காலத்திலும் மறுபடி கிளம்பி வருகிறது.

நான் வாடகை ஜீப் ஓட்டிப் பிழைப்பவன். முதுமலையிலிருந்து பந்திப்பூர் போகும் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுவது 2009 முதல் நடைமுறையில் இருப்பதால் அதற்கு எங்களுக்கு அறிவிப்பே தேவையில்லை. ஆனால் கோடைச் சீசனில், மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகள் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகள் கோத்தகிரி வழியாகவும் போக வேண்டும் என்று ஒருவழிப் பாதை ஆக்குவார்களே, அது என்றைக்குத் தொடங்கி என்றைக்கு முடிகிறது என்பது எங்களுக்கு முக்கியம். முடிந்துபோன ஒருவழிப் பாதையின் படத்தை நம்பி, குன்னூர்ச் சாலையில் பர்லியார் வழியாக நேராக இறங்கியிருக்க வேண்டிய பயணிகளைக் கோத்தகிரி சுற்றிக் கொண்டுபோய் டீசலை விட்டவர்கள் எங்கள் ஸ்டாண்டிலேயே இருக்கிறார்கள். முத்திரை அந்தப் படத்தில் பளிச்சென்றுதான் இருந்தது.

படத்தை எழுத்தைப் போல் தேடி எடுக்கவும் முடிவதில்லை. எழுத்தாக இருந்தால் குழுவில் 'கோத்தகிரி' என்று தேடினால் எல்லாச் செய்தியும் வரிசையாக வந்து நிற்கும், தேதியைப் பார்த்துக்கொள்ளலாம். படமாக இருந்தால் காலை வணக்கப் பூக்களுக்கும் பிறந்தநாள் கேக்குகளுக்கும் நடுவே தள்ளித் தள்ளித் தேட வேண்டும். எனக்குக் கண் நன்றாகத்தான் தெரியும், ஆனாலும் ஆசிரியை சொல்லும் தொல்லை எனக்கும் இருக்கிறது.


கிண்ணக்கொரை வாசி (குந்தா வட்டம்)
ஜூலை 17, காலை 6.50

எங்கள் பக்கத்து நிலவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை நாளில் மின்சாரம் போய், டவரின் பேட்டரியும் இறங்கத் தொடங்கிவிட்டால், எங்களுக்குச் சிக்னல் ஒரு கோடு நிற்பதே பெரிது. அந்த ஒரு கோட்டில் எழுத்துச் செய்தி வந்து விழுந்துவிடுகிறது. படமோ மங்கலான ஒரு கட்டமாகத் தெரிந்து, நடுவே வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இதற்குக் கணக்கும் உண்டு. கருவிகள் எழுத்தைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில், ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்டு வீதம் வைத்துக்கொண்டாலும், இருநூறு குறியீடுகள் கொண்ட அறிவிப்பு அறுநூறு பைட்டுக்குள் முடிந்துவிடும். வாட்ஸ்அப் எவ்வளவு சுருக்கி அனுப்பினாலும் ஒரு கடிதத்தின் படம் பெரும்பாலும் நூறு கிலோபைட்டைத் தாண்டிவிடுகிறது. அதாவது, உள்ளே இருக்கும் செய்தி ஒன்றுதான் என்றாலும் சுமை நூறு மடங்குக்கும் மேல். 2019 ஆகஸ்டில் எங்கள் வட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டரைத் தாண்டி மழை கொட்டியது பலருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட ஒரு நாளில் படம் இறங்கட்டும் என்று வாசலில் கையை உயர்த்திக்கொண்டு நிற்க யாராலும் முடியாது.


மலைத்தென்றல்
ஜூலை 17, காலை 7.30

இதற்கெல்லாம் ஓர் இழையா என்று தோன்றுகிறது. வீட்டில் இருக்கும் ஒருவரிடம் கைப்பேசியைக் காட்டினால் அரை நிமிடத்தில் படித்துச் சொல்லிவிடப் போகிறார். முந்நூறு பேர் இருக்கும் குழுவில் ஒருவருக்காக எல்லாருடைய வழக்கத்தையும் மாற்றச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. தட்டச்சு செய்வதுதான் சிக்கல் என்றால் நிர்வாகிகள் குரல் பதிவாகப் பேசி அனுப்பிவிடட்டும். கண் தெரியாதவருக்குக் காது கேட்குமே.


வெலிங்டன் தங்கை
ஜூலை 17, காலை 8.15

எனக்குக் காது கேட்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன். சைகை மொழிதான் என் முதல் மொழி. தமிழைப் பள்ளியில் எழுத்தாகக் கற்றேன். என் வாக்கியங்கள் சிறியவையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருக் குழுவில் குரல் பதிவுதான் அதிகம் வருகிறது. மூன்று நிமிடப் பதிவு வரும். எனக்கு ஏற்ற இறக்கமாகச் சில கோடுகள் தெரியும். உள்ளே சொல்வது கோவில் பூஜையா, தண்ணீர் வராது என்பதா, மண் சரிந்துவிட்டது என்பதா என்று தெரியாது. 'எழுதி அனுப்புங்கள்' என்று கேட்டால் மறுபடி ஒரு குரல் பதிவு வருகிறது. அது மன்னிப்புக் கேட்கும் பதிவாக இருக்கலாம்.

2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் எல்லாக் கைப்பேசிகளுக்கும் பேரிடர் எச்சரிக்கையைச் சோதித்துப் பார்த்தார்கள். அது அதிர்வோடு வந்தது. திரையில் எழுத்தாக வந்தது. அன்றைக்கு வீட்டில் எல்லாரோடும் சேர்ந்து எனக்கும் ஒரே நேரத்தில் விஷயம் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுத்தாகப் போடும்போது அலுவலகக் கடிதத்தை வரிக்கு வரி தட்டச்சு செய்யாதீர்கள். 'மேற்காண் பொருள் தொடர்பாக' என்று தொடங்கி, ஒரு பத்தி முழுவதும் ஒரே வாக்கியமாக ஓடுகிறது. என்னைப் போன்றவர்களுக்கு அது புரிவதில்லை. எந்த ஊர், என்ன நடந்தது, எத்தனை மணி வரை. இது போதும்.


அரவேனு ஆசிரியை
ஜூலை 17, பிற்பகல் 1.10

வகுப்பு இடைவேளையில் எழுதுகிறேன். மலைத்தென்றல் அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் நானும் அம்மாவும் தம்பியும் இருக்கிறோம். தம்பி காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு அதிகாலையிலேயே மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிவிடுவான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 'வீட்டில் இருக்கும் ஒருவர்' என்று நீங்கள் சொல்பவர் எங்கள் வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. வெளியாரிடம் கேட்டும் பார்த்தேன். ஒரு குழுவில் 'அது என்ன படம் ஐயா' என்று திரும்பத் திரும்பக் கேட்டதற்கு, தேவையற்ற செய்திகள் அனுப்புகிறேன் என்று காரணம் சொல்லி நீக்கிவிட்டார்கள். காலை வணக்க ரோஜாக்கள் அந்தக் குழுவில் இன்றும் தடையின்றி மலர்ந்துகொண்டிருப்பதாகத் தோழி சொல்கிறாள்.

வெலிங்டன் தங்கை எழுதியதைப் படித்த பிறகு என் கோரிக்கையை இன்னும் அழுத்தமாகவே வைக்கலாம் என்று நினைக்கிறேன். எனக்குக் குரல் பதிவு வந்தால் வசதிதான், ஆனால் அது அவரை வெளியே நிறுத்திவிடுகிறது. படம் என்னை வெளியே நிறுத்துகிறது. எழுத்து எங்கள் இருவரையும் உள்ளே விடுகிறது. எழுத்தை என் கைப்பேசி குரலாக்கிக்கொள்ளும். பார்வை மங்கியவரின் கைப்பேசி பெரிதாக்கிக்கொள்ளும். பார்வையும் செவித்திறனும் ஒருங்கே இல்லாதவர் பிரெயில் கருவியை இணைத்துத் தொட்டுப் படித்துக்கொள்வார். குரலிலிருந்து எழுத்துக்கும், படத்திலிருந்து எழுத்துக்கும் வருவதற்குக் கருவிகள் இருக்கின்றன என்றாலும், நம் ஊர்ப் பேச்சிலும் நம் ஊர்ப் புகைப்படங்களிலும் அவை தடுமாறுகின்றன. எழுத்திலிருந்து மற்றவற்றுக்குப் போவதில் அந்தத் தடுமாற்றம் மிகக் குறைவு.


பந்தலூர் லயத்துப் பிள்ளை
ஜூலை 17, மாலை 6.20

அக்கா சொல்வது சரியாக இருக்கலாம், ஆனாலும் எழுத்து மட்டும் போதும் என்று இங்கே முடிவு செய்துவிடாதீர்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் இருக்கும் பெரியவர்களில் பலர், 1964ஆம் ஆண்டு இந்தியா-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்கள். என் பாட்டிக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் கைப்பேசியே வாசித்துக் காட்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். அந்த இயந்திரக் குரலைக் கேட்டுவிட்டு, 'இது யார், ஏன் கோபமாகப் பேசுகிறான்' என்று வைத்துவிட்டார். மேட்டுத் தெரு அண்ணன் தன் குரலில் 'பாலத்துப் பக்கம் யானை நிற்கிறது, யாரும் இறங்காதீர்கள்' என்று சொன்னால் மட்டுமே அவருக்கு அது செய்தி.

யானை விஷயத்தில் எங்களுக்கு நேரமும் இல்லை. அந்த அண்ணன் ஓடிக்கொண்டே பேசுகிறார். நின்று தட்டச்சு செய் என்று அவரிடம் சொல்ல முடியாது. வால்பாறையில் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாகவும், உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் எழுத்தாகவும், குரல் அழைப்பாகவும், தொலைவிலிருந்தே தெரியும் சிவப்பு விளக்காகவும் சொல்லும் ஏற்பாடு இருக்கிறது. அங்கே எந்த வழி சிறந்தது என்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கவில்லை. ஒன்று தவறினால் இன்னொன்று போய்ச் சேரட்டும் என்று எல்லாவற்றையும் வைத்திருக்கிறார்கள். ஓடுகிறவர் குரலில் சொல்லட்டும், அதைக் கேட்டு வீட்டில் இருக்கும் என்னைப் போன்ற ஒருவன் உடனே ஒரு வரி எழுதிவிடுகிறேன் என்று பொறுப்பு எடுத்துக்கொள்ளலாம். எங்கள் லயத்தில் அதை நான் செய்கிறேன்.


உதகை எழுத்துருக்காரன்
ஜூலை 17, இரவு 9.50

நான் அச்சகம் நடத்துகிறேன், தமிழ் எழுத்துருக்களோடு நெடுநாள் மல்லுக்கட்டியவன். இந்த விவாதத்தில் எல்லாரும் படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எழுத்தைப் போல் தெரிந்தும் எழுத்தாக இல்லாத ஒன்று இருக்கிறது: பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப்.

யூனிகோடு வருவதற்கு முன் நாம் பயன்படுத்திய எழுத்துருக்களில் கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். அவற்றின்மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கும், அவ்வளவுதான். பாமினி என்னும் பழைய எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்த கோப்பைத் திரைவாசிப்பானிடம் கொடுத்தால், 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்று வாசிக்கும், ஏனென்றால் அந்தக் கோப்புக்குள் இருப்பது அதுதான். பார்ப்பவருக்கு அழகான தமிழ். கேட்பவருக்கு ஆங்கில அரிச்சுவடி. யூனிகோடில் தமிழ் 1991இல் வெளிவந்த முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. 2010இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்று ஆணை வெளியிட்டது. இருந்தும் என் அச்சகத்துக்கு வரும் கோப்புகளில் பழைய எழுத்துருக்கள் இன்றும் வருகின்றன, ஏனென்றால் தட்டச்சு செய்பவரின் விரல் அந்த விசைப்பலகைக்குத்தான் பழகியிருக்கிறது. யூனிகோடிலேயே பழைய தட்டச்சு முறையில் அடிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன என்று சொன்னால் வியப்போடு பார்க்கிறார்கள். ஆகவே, 'நாங்கள் படம் போடவில்லை, பிடிஎஃப் போடுகிறோம்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் உள்ளவை அனைத்தும் அணுகத்தக்க வடிவில் இருப்பதற்கு அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 42ஆம் பிரிவில் சொல்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமையை அரசமைப்பின் 21ஆம் உறுப்பில் அடங்கிய வாழ்வுரிமையின் ஒரு பகுதியாகவே பார்த்தது. அந்த வழக்கில் இருந்தவர்கள் அமிலவீச்சால் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும். கண் சிமிட்டினால்தான் வாடிக்கையாளர் என்று நம்புவோம் என்னும் சரிபார்ப்பு முறையை எதிர்த்து வந்தவர்கள். ஊர்க் குழு நிர்வாகியை இந்தச் சட்டத்தைக் காட்டி மிரட்டக் கூடாது, அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யவில்லை. ஆனால் மூல அறிவிப்பை வெளியிடும் இடத்திலேயே யூனிகோடு எழுத்தாக வெளியிட்டுவிட்டால் பெரியவர் ஐந்தே முக்காலுக்குக் கண்ணாடி தேட வேண்டியதில்லை; அவர் அதையே ஃபார்வர்டு செய்யலாம். அழுத்தம் கொடுக்க வேண்டிய இடம் அது.


கட்டபெட்டு பசுந்தேயிலை
ஜூலை 18, காலை 7.05

சிறு தேயிலை விவசாயி ஒருவனின் பங்கு. தேயிலை வாரியம் மாதந்தோறும் பசுந்தேயிலைக்கு அறிவிக்கும் சராசரி விலையும், தொழிற்சாலைகள் கொடுக்கும் விலையும் எங்களுக்கு அட்டவணைப் படமாகத்தான் வருகின்றன. எனக்குக் கண்புரை. இரண்டு விரல்களால் பெரிதாக்கினால் எண்கள் புகையாகக் கலைந்துவிடுகின்றன. மூன்றா எட்டா என்று பார்ப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. அட்டவணையை எழுத்தாக்குவது எப்படி என்று தெரிந்தவர்கள் சொன்னால் எங்கள் குழுவில் கேட்டுப் பார்ப்பேன்.


ஜெகதளா பெரியவர்
ஜூலை 18, காலை 9.30

நேற்று இரவு முழுவதும் எல்லாருடைய பதிவுகளையும் படித்தேன். என் பேத்தி விசைப்பலகையில் இருக்கும் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுப் பேசச் சொன்னாள். நான் 'வட்டாட்சியர்' என்று சொன்னேன், அது எழுதிவிட்டது. ஊர்ப் பெயர்களில் மட்டும் திணறுகிறது. 'ஹட்டி' என்று முடியும் பெயர் எதையும் அது முதல் முறையில் சரியாக எழுதவில்லை; அவற்றைக் கையால் திருத்த வேண்டியிருக்கிறது. இதற்குப் பால் வண்டி காத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நம்பிக்கைச் சிக்கலுக்கும் வழி ஒன்று தோன்றுகிறது. அறிவிப்புக்கென்று தனிக் குழு ஒன்றைத் தொடங்கி, நிர்வாகிகள் மட்டுமே அனுப்ப முடியும் என்று வைத்துவிட்டால், இடையில் யாரும் கிழமையை மாற்ற முடியாது. படத்தையும் போடுவோம், கீழே எழுத்தும் இருக்கும், கடைசியில் எழுதிய நிர்வாகியின் பெயரும் இருக்கும். சந்தேகம் வந்தால் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணில் கேட்டுக்கொள்ளலாம் என்பதையும் குழுவின் முகப்பில் எழுதிவிடுகிறேன். எழுத்து உங்கள் காதில் எப்படி விழுகிறது என்று எனக்குத் தெரியாது அம்மா. எதைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.


அரவேனு ஆசிரியை
ஜூலை 18, பிற்பகல் 1.25

மிக்க நன்றி ஐயா. கேட்டதனால் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

கவனத்தை ஈர்ப்பதற்காகச் செய்தியின் தலையில் சிவப்பு வட்டங்களும் மணிகளும் வரிசையாகப் போடுவார்கள். என் கைப்பேசி அவை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வாசிக்கிறது. 'பெரிய சிவப்பு வட்டம், பெரிய சிவப்பு வட்டம்' என்று அது சொல்லி முடிக்கும் வரை நான் செய்திக்காகக் காத்திருக்க வேண்டும். ஒன்று போட்டால் போதும், அதையும் கடைசியில் போடலாம். அதைவிட மோசமானது, தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பது. திரைவாசிப்பான் அதை ஆங்கிலமாகவே நினைத்துக்கொண்டு ஆங்கில உச்சரிப்பில் வாசிக்கும். அதைவிடப் படமே பரவாயில்லை என்று தோன்றிவிடும். தேதியை '12.07' என்று எழுதினால் அது தசமக் கணக்குப் பாடம் போலப் புள்ளியோடு வாசிக்கப்படுகிறது; 'ஜூலை 12, சனிக்கிழமை' என்று மாதத்தின் பெயரையும் கிழமையையும் எழுதிவிட்டால் ஃபார்வர்டு ஆகிப் பழையதானாலும் ஏமாற்றாது, ஓட்டுநர் அண்ணன் சொன்ன 'நாளை' என்னும் தொல்லையும் ஒழியும். முதல் வரியிலேயே வட்டமும் ஊரும் வந்துவிட்டால், எனக்குரியது இல்லையென்றால் அடுத்த செய்திக்குப் போய்விடுவேன்.

கட்டபெட்டு ஐயாவுக்கு: அட்டவணையைக் கோடு போட்டு எழுத்தில் வரைய முயல வேண்டாம், அது யாருக்கும் பயன்படாது. ஒரு தொழிற்சாலைக்கு ஒரு வரி என்று வைத்து, பெயர், மாதம், கிலோவுக்கு எவ்வளவு ரூபாய் என்பதை முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொண்டாலும் அது கலையாது.


ஜெகதளா பெரியவர்
ஜூலை 18, மாலை 5.40

புதிய குழுவில் சற்று முன் போட்ட முதல் அறிவிப்பை இங்கேயும் ஒட்டுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

'குன்னூர் வட்டம், ஜெகதளா, அருவங்காடு மற்றும் சுற்றுவட்டாரப் பகுதிகள். ஜூலை 19, சனிக்கிழமை, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை பராமரிப்புப் பணிக்காக மின்சாரம் இருக்காது. மூல அறிவிப்பின் படம் மேலே உள்ளது. எழுதியவர்: குழு நிர்வாகி.'


அரவேனு ஆசிரியை
ஜூலை 18, மாலை 6.15

ஒரே முறை கேட்டதில் எல்லாம் தெளிவாகப் புரிந்தது ஐயா.


வெலிங்டன் தங்கை
ஜூலை 18, மாலை 6.30

எனக்கும் புரிந்தது. ஒரு கேள்வி. 'சுற்றுவட்டாரப் பகுதிகள்' என்றால் வெலிங்டனும் உண்டா?


ஜெகதளா பெரியவர்
ஜூலை 18, மாலை 6.45

மூலக் கடிதத்திலும் அப்படியேதான் இருக்கிறது தங்கையே. இத்தனை காலமும் படமாகவே ஃபார்வர்டு செய்துகொண்டிருந்ததில் யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை. அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தேன், இப்போது யாரும் எடுக்கவில்லை. காலை எட்டரைக்கு மறுபடி கேட்டு, ஊர்ப் பெயர்களோடு திருத்தி எழுதிப் போடுகிறேன். அதுவரை மாவு அரைப்பவர்கள் இன்றைக்கே அரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.